9.77164367 எண்டு எழுதின பெடியனுக்கு எத்தினை புள்ளி?

ஞாயிறு பின்னேரங்களில் எங்கட ஊர்ச் சனசமூக நிலையத்தில் உயர்தரம் படிக்கிற ஏழெட்டுப் பேர் வந்து இருப்பினம். வகுப்பு எண்டு சொல்ல ஏலாது. விளங்காத கணக்கைக் கொண்டு வருவினம், தெரிஞ்சதைச் சொல்லிக் குடுப்பேன், தெரியாததைச் சேர்ந்து பாப்பம். அப்படி ஒரு நாள் ஒரு பெடியன் தன்ர செய்முறைக் கொப்பியைக் கொண்டு வந்தான். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகல் காணும் பரிசோதனை. எங்கட அப்பாமார் காலத்தில் இருந்து மாறாத பரிசோதனை. கடைசி வரியில் நீலப் பேனையால் இப்படி எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தான்:

g = 9.77164367

பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு பெரிய சரி.

பெடியனில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனில் இருக்கிற கணிப்பான் அத்தனை இலக்கத்தைக் காட்டியது, அவன் அத்தனையையும் எழுதினான். ஒண்டையும் ஒளிக்கவில்லை. நேர்மையான பிள்ளை. ஆனால் அந்த ஒன்பது இலக்கத்தில் ஆறு ஏழு இலக்கம் பொய். அது பொய் எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அவன் அளந்தது என்ன? மீற்றர் கோலால் நூலின் நீளம், 100.0 சென்ரிமீற்றர். நிறுத்தற் கடிகாரத்தால் 20 அலைவுக்கு எடுத்த நேரம், 40.2 செக்கன். கொப்பியில் உள்ள அளவீடு இவ்வளவுதான். அலைவு காலம் 2.01 செக்கன். அதைச் சமன்பாட்டில் போட்டால் 9.77164367 வரும்தான். ஆனால் கடிகாரம் 0.1 செக்கனுக்குக் கீழே காட்டாது. 40.2 இல் 0.1 எண்டால் 0.25 சதவீதம், காலம் வர்க்கத்தில் வருவதால் 0.5 சதவீதம். நீளத்தில் 0.1 சதவீதம். இரண்டையும் கூட்ட 0.6 சதவீதம், அதாவது g இல் ஏறக்குறைய 0.06. இது கருவியின் வழு மட்டும். கையின் வழுவைச் சேர்த்தால் கதை இன்னும் மோசம். கண் பார்த்து, மூளை சொல்லி, பெருவிரல் அழுத்த ஒரு 0.2 செக்கன் போய்விடும். அதை வைத்துக் கணித்தால் வழு 0.1 ஐத் தாண்டுகிறது. ஆக அந்தப் பெடியன் உண்மையில் கண்டுபிடித்தது, g என்பது 9.7 க்கும் 9.9 க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது என்பதைத்தான். யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டில் g ஏறக்குறைய 9.78. அவன் நல்ல வடிவாகத்தான் செய்திருக்கிறான். 9.8 எண்டு எழுதியிருந்தால் முழு உண்மையையும் சொல்லியிருப்பான். 9.77164367 எண்டு எழுதினதால் தனக்குத் தெரியாத ஆறு விசயத்தைத் தெரியும் எண்டு சொல்லிவிட்டான்.

எங்கட பக்கம் இதைப் பொருளுடைய இலக்கங்கள் எண்டு சொல்லுவம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முக்கிய எண்ணுருக்கள். யூரியூப்பில் அங்கத்தைய வீடியோ பார்த்துப் படிக்கிற எங்கட பெடியள் இரண்டும் வேற வேற பாடம் எண்டு நினைச்ச கதையும் உண்டு. எனக்கு எங்கட சொல்தான் பிடிக்கும். 'முக்கியம்' எண்டால் ஏதோ தரவரிசை மாதிரி. 'பொருளுடைய' எண்டால் இந்த இலக்கத்துக்கு அர்த்தம் இருக்கோ இல்லையோ எண்ட கேள்வி பெயருக்குள்ளேயே இருக்கு. இவ்வளவு நல்ல பெயரை வைச்சுக்கொண்டு நாங்கள் அதை ஒரு பாடமாக்க வேண்டிய சட்டக்கோவையாக மாத்திவிட்டம். முன்னுக்கு வாற பூச்சியம் பொருளற்றது, இடையில் வாற பூச்சியம் பொருளுள்ளது, தசமப் புள்ளிக்குப் பின் கடைசியில் வாற பூச்சியம் பொருளுள்ளது. ஏன் எண்டு கேட்டால் 'சேர் அப்பிடித்தான் சொன்னவர்.'

ஏன் எண்டு தெரிய வேணுமெண்டால் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்குள் போய் நிண்டு பாக்கலாம். தராசில் 8.00 கிராம் எண்டு காட்டும். அம்மாமார் ஒருத்தரும் அந்தக் கடைசி இரண்டு பூச்சியத்தையும் 'பொருளற்றது' எண்டு தள்ளமாட்டினம். 8 கிராம் எண்டு வாயால் சொன்னால் அது ஏழரையும் தாண்டின ஏதோ ஒண்டாக இருக்கலாம். 8.00 எண்டு தராசு காட்டினால் 7.98 இல்லை எண்டு அர்த்தம். அந்த 0.02 கிராமுக்குக் காசு இருக்கு. பொருளுடைய இலக்கம் எண்டால் என்ன என்பதை ஒரு பவுண் வாங்கின எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதே அம்மாவின்ர பிள்ளை வேணியர் இடுக்கியால் அளந்த 2.40 சென்ரிமீற்றரை 2.4 எண்டு எழுதிப்போட்டு, 'இரண்டும் ஒண்டுதானே, ஏன் புள்ளி வெட்டினவை' எண்டு என்னட்டைச் சண்டைக்கு வருவான். கணிதத்தில் இரண்டும் ஒண்டுதான். பௌதிகவியலில் 2.4 எழுதினவன் சாதாரண அடிமட்டத்தால் அளந்தவன், 2.40 எழுதினவன் வேணியரால் அளந்தவன். இலக்கத்தைப் பாத்தே கையில் என்ன கருவி இருந்தது எண்டு சொல்லலாம்.

பூச்சியத்துக்காக ஒரு மலையின் உயரமே மாறின கதை ஒண்டு இருக்கு. எவரெஸ்ட்தான் உலகத்தின் உயர்ந்த சிகரம் எண்டு கணித்தவர் ராதாநாத் சிக்தார் எண்ட வங்காளக் கணிதர், 1852 இல். கணிப்பு அச்சொட்டாக 29,000 அடி எண்டு வந்ததாம். அப்படியே வெளியிட்டால், சும்மா ஆயிரத்துக்கு மட்டந்தட்டிப் போட்டிருக்கினம் எண்டு சனம் நினைக்கும் எண்டு பயந்து, 1856 இல் 29,002 அடி எண்டு அறிவித்தார்கள் எண்டு சொல்லுவினம். கதை எந்தளவு உண்மையோ, அதுக்குள் இருக்கிற பிரச்சினை உண்மை. 29,000 எண்டு எழுதினால் அந்த மூன்று பூச்சியமும் அளந்து வந்ததா, மட்டந்தட்டி வந்ததா எண்டு எழுத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. விஞ்ஞானக் குறிப்பீட்டில் 2.9000 × 10⁴ எண்டு எழுதினால் சொல்லலாம். அந்தக் குறிப்பீட்டைப் பெரிய எண்ணைச் சின்னதாக்கி எழுதுற வசதி எண்டு மட்டும் படிப்பிக்கிறது அரைவாசிப் படிப்பு.

இனி என்னுடைய குறைபாட்டுக்கு வாறேன். பரீட்சைத் தாளைப் பாருங்கள். கணிப்பான் பாவிக்க அனுமதி இல்லை எண்டு முதல் பக்கத்திலேயே இருக்கும். பக்கத்தில் g = 10. சில கணக்கில் π = 3 எண்டு கொள்ளச் சொல்லுவார்கள். கணிப்பான் இல்லாத பிள்ளைக்கு இது தேவையான சலுகைதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் π ஐ 3 எண்டு எடுத்த உடனேயே 4.5 சதவீதம் போயிற்று. g ஐ 10 எண்டு எடுத்தால் இன்னுமொரு 2 சதவீதம். இந்த இரண்டையும் போட்டு வாற விடையில் மூன்றாவது இலக்கத்துக்கு என்ன பொருள்? ஒண்டும் இல்லை. அதே தாளில், அமைப்புக் கட்டுரைப் பகுதியில், நுண்மானித் திருகுக் கணிச்சியின் வாசிப்பைத் தசமதானம் பிசகாமல் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். அதுவும் சரியான கேள்விதான். ஒரு பக்கத்தில் பிசகாமல் எழுது, மற்றப் பக்கத்தில் π ஐ மூண்டெண்டு எடு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நியாயத்தை ஒருத்தரும் பிள்ளைக்குச் சொல்லுவதில்லை. பிள்ளை என்ன செய்யும்? இரண்டையும் தனித்தனியாகப் பாடமாக்கும்.

இதுக்கு மேல் செய்முறைப் பரீட்சை எண்டு தனியாக ஒண்டு இப்ப இல்லை. செய்முறை அறிவைச் சோதிப்பது பேனையாலும் கடதாசியாலும்தான். விளைவு தெரிந்ததே. ரியூசன் கொட்டிலில் வெண்பலகையில் கீறின வேணியரில் வாசிப்பு எடுக்கப் பழகின பெடியள் எத்தினையோ பேர். கீறின வேணியரில் கோடுகள் எப்பவும் அச்சொட்டாகப் பொருந்தும். உண்மையான வேணியரில் ஆறாவது கோடா ஏழாவது கோடா எண்டு கண்ணைச் சுருக்கிப் பாக்க வேணும், இரண்டு பேர் பாத்தால் இரண்டு விடை சொல்லுவினம். அந்தத் தடுமாற்றம்தான் பொருளுடைய இலக்கம் எண்ட பாடத்தின்ர முழு விசயமும். தடுமாறாத பிள்ளைக்கு அது விளங்க வழி இல்லை.

ஒண்டை ஒத்துக்கொள்ள வேணும். பொருளுடைய இலக்க விதியே ஒரு முரட்டு விதிதான். 1.01 க்கும் மூண்டு இலக்கம், 9.99 க்கும் மூண்டு இலக்கம். ஆனால் முதலாவதில் கடைசி இலக்கம் ஒண்டு மாறினால் 1 சதவீதம், இரண்டாவதில் 0.1 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். ஆகவே 'மூண்டு இலக்கத்துக்கு எழுது' என்பதை வேதவாக்காக எடுக்கக் கூடாது. சதவீத வழுதான் அடிப்படை, இலக்க விதி அதின்ர குறுக்குவழி. கம்பியின் யங்கின் மட்டுக் கணக்கைப் பாருங்கள். கம்பியின் விட்டம் 0.52 மில்லிமீற்றர், கணிச்சியின் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர். இரண்டு சதவீதத்துக்குக் கிட்ட வழு. பரப்பளவில் விட்டம் வர்க்கமாக வருவதால் அது நாலு சதவீதத்துக்குக் கிட்டப் போகும். கம்பியின் நீளத்தை இரண்டு மீற்றர் வைச்சு எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்த நாலு சதவீதம் அசையாது. விட்டத்தை ஏன் கணிச்சியால் அளக்கிறோம், நீளத்தை ஏன் சும்மா கோலால் அளக்கிறோம் என்ற வழக்கமான கேள்விக்கு இதுதான் விடை. அந்தக் கேள்விக்கு வாய்ப்பாடு மாதிரி விடை சொல்லுகிற பெடியன், அடுத்த வரியில் யங்கின் மட்டை ஐந்து இலக்கத்துக்கு எழுதுவான்.

கேம்பிரிட்ஜ் உயர்தரச் செய்முறைத் தாளில், கணித்து வாற கணியத்துக்கு அளவீட்டில் இருக்கிற அளவு இலக்கம், அல்லது ஒண்டு கூட, எண்டு தெளிவாக வைத்து, அதுக்கெண்டே புள்ளியும் குடுக்கிறார்கள். எங்கட தாளில் அதே மாதிரி வேணும் எண்டு நான் கேட்கவில்லை. 'விடையை இரண்டு பொருளுடைய இலக்கங்களுக்குத் தருக, ஏன் அத்தனை இலக்கம் எண்டு ஒரு வரியில் எழுதுக' எண்டு வருசத்துக்கு ஒரு உபவினா. போதும். கேள்வி தாளில் வந்தால்தான் ரியூசனில் படிப்பிப்பினம், ரியூசனில் படிப்பிச்சால்தான் பெடியள் படிப்பினம். இது எங்கட நாட்டின் துக்கமான உண்மை, அதையே பாவிப்பம் எண்டு சொல்லுறன்.

இதெல்லாம் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை பெடியனுக்குச் சொல்லிக் கொண்டிருந்தபோது, மூலையில் இருந்த பிள்ளை ஒண்டு கேட்டது. அவள் இரண்டாந்தரம் எடுக்கிறவள். முதல் தரம் மருத்துவபீடம் 0.0041 ஆல் தவறினது.

"அப்ப அண்ணா, என்ர 0.0041 க்குப் பொருள் இருக்கோ?"

எனக்கு உடனே விடை வரவில்லை. கொப்பியை இழுத்து இரண்டு பேரும் கணக்குப் பாத்தம்.

இசட் புள்ளி எண்டால், எடுத்த புள்ளியில் இருந்து இடையைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது. மூண்டு பாடத்துக்கும் அப்படிக் கண்டு சராசரி எடுப்பது. நாலு தசமதானத்துக்கு வெளியிடுவார்கள். ஒரு பாடத்தின் நியம விலகலை 20 எண்டு ஒரு பேச்சுக்கு எடுப்பம். அந்தப் பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் இசட் 0.05 கூடும். மூண்டால் பிரிக்க, சராசரியில் ஏறக்குறைய 0.0167. விடைத்தாளில் ஒரு முழுப் புள்ளி எண்டால் இரண்டாவது தசமதானத்தில்தான் அசைவு. நாலாவது தசமதானத்தில் ஒண்டு எண்டால் ஒரு புள்ளியின் நூற்றில் ஒரு பங்கிலும் குறைவு. அவளின்ர 0.0041, கால் புள்ளி.

கால் புள்ளியை எந்தக் கருவி அளக்கிறது? ஒருமுறை நானும் நண்பன் ஒருவனும் ஒரே பத்து மாதிரி விடைத்தாள்களை, புள்ளித்திட்டம் ஒண்டை வைச்சு, ஒருவர் போட்டதை மற்றவர் பாக்காமல் திருத்திப் பாத்தம். கட்டுரைப் பகுதியில் இரண்டு, மூண்டு புள்ளி வித்தியாசம் வந்தது. நாங்கள் கத்துக்குட்டிகள், உண்மையான பரீட்சகர்கள் எங்களைவிட எவ்வளவோ மேல். அவர்களுக்கு ஒரு புள்ளி வித்தியாசம் வரும் எண்டு வைத்தாலும் 0.0167. பிள்ளையின்ர அன்றைய காய்ச்சல், தடிமன், முதல் நாள் இரவு நித்திரை, ஒரு பல்தேர்வு வினாவில் குருட்டாம்போக்கில் போட்ட புள்ளடி எல்லாம் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

பௌதிகவியல் தாளில் இப்படி விடை எழுதினால் நாங்களே சிவப்புப் பேனையால் வெட்டுவம்.

காணிக்காரர் இதைச் சரியாகச் செய்கினம். ஒரு பரப்புக் காணி, பத்துப் பேர்ச், நில அளவையாளரின் படத்தில் 0.0253 ஹெக்ரேயர் எண்டு வரும். அங்கேயும் நாலு தசமதானம். ஆனால் அந்த நாலாவது தானத்தில் ஒண்டு எண்டால் ஒரு சதுர மீற்றர். அதை அளக்க அவரிட்டைக் கருவி இருக்கு, அந்த ஒரு சதுர மீற்றருக்கு வேலிச்சண்டை பிடிக்க எங்கட சனமும் இருக்கு. அந்த இலக்கத்துக்குப் பொருள் இருக்கு. இசட் புள்ளியின் நாலாவது தானத்துக்குக் கணிதம் இருக்கு, அளவீடு இல்லை.

இங்கே ஒருத்தர் கேட்கலாம்: அப்ப எல்லாத்தையும் இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டினால் பிரச்சினை தீருமோ? தீராது. மட்டந்தட்டினால் ஒரே புள்ளியில் பெருங்கூட்டம் நிற்கும், இடம் மட்டும் கூடாது. கோட்டை எங்கே கீறினாலும் கோட்டுக்கு வெளியே ஒரு பிள்ளை நிற்கும். வரிசைப்படுத்த ஏதோ ஒண்டு வேணும், அதுக்கு நாலாவது தானம் பாவிக்கப்படுகிறது. சரி. திருவுளச்சீட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை எண்டு மட்டும் வாய் திறந்து சொல்லட்டும். திருவுளச்சீட்டில் தோற்ற பிள்ளையைப் 'படிக்காதது' எண்டு ஒருத்தரும் பேசமாட்டினம். 0.0041 இல் தோற்ற பிள்ளையைப் பேசுகினம். கலியாண வீட்டில், கோயில் வீதியில், வீட்டுக்குள்ளேயே பேசுகினம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கதையைக் கதைக்கும்போது பழைய எண்கள் தானாக வந்து நிற்கும். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவபீடத்துக்குத் தமிழ்மொழிப் பிள்ளைக்கு 400 இல் 250 தேவை, சிங்களமொழிப் பிள்ளைக்கு 229 போதும் எண்டு இருந்தது. அந்த 21 புள்ளி ஒரு தலைமுறையை எங்கே கொண்டுபோய் விட்டது எண்டு நான் எழுதத் தேவையில்லை. அதுக்குப் பிறகு மாவட்டக் கோட்டா, 2001 இல் இருந்து இசட் புள்ளி. இசட் முறையின் நோக்கம் நல்லது, பாடத்துக்குப் பாடம் கடினம் வேறுபடுவதைச் சமப்படுத்துவது. 2011 ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டக்காரர் இரண்டு தொகுதியையும் ஒண்டாகப் போட்டுக் கணித்து, அது உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் திரும்பக் கணிக்க வேண்டி வந்தது. அப்பவும் நாலு தசமதானம்தான் வெளியிட்டவை. அத்தனை இலக்கமும் அச்சொட்டாக இருந்தது. சூத்திரத்தைப் போட்ட விதம்தான் பிழைத்தது. இலக்கம் கூட இருந்தால் சரியாக இருக்கும் எண்டு நம்புவதுக்கும் செய்முறைக் கொப்பியில் 9.77164367 எழுதுவதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வெட்டுப்புள்ளியோடு சேர்த்து, அந்தப் பாடத்தில் ஒரு விடைப்புள்ளி இசட்டில் எவ்வளவு எண்டு ஒரு வரி போடலாம். இடையும் நியம விலகலும் கையில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு நிமிச வேலை. பெறுபேற்றுத் தாளைப் பாக்கிற தாய் தகப்பனுக்கு, தங்கட பிள்ளை 'தவறினது' கால் புள்ளியா இருபது புள்ளியா எண்டு அப்பவாவது தெரியும்.

அண்டைக்கு அவளுக்கு நான் சொன்னது, "இல்லை பிள்ளை, பொருள் இல்லை" எண்டுதான். "ஆனால் அதாலதானே நான் இங்க இருக்கிறன்" எண்டாள். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை.

பிறகு பெடியன்ர கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, 20 அலைவுக்குப் பதிலாக 50 எடுத்தால் என்ன எண்டு கேட்டாள். கையின் வழு அதே 0.2 செக்கன்தான், ஆனால் இப்ப 100.5 செக்கனில் 0.2. சதவீதம் 0.2, வர்க்கத்துக்கு 0.4, நீளத்துக்கு 0.1. மொத்தம் அரைச் சதவீதம். g இல் 0.05. முந்தினதில் அரைவாசி. நிலையத்து யன்னல் கம்பியில் நூலைக் கட்டி, முனையில் சைக்கிள் திறப்பைத் தொங்கவிட்டு, பெடியன் போனில் நேரம் பிடிக்க, அவள் எண்ணத் தொடங்கினாள். முப்பத்திநாலில் யாரோ கதவைத் திறக்கக் காத்து அடிச்சுக் குழம்பிப் போச்சு. திரும்ப ஒண்டில் இருந்து தொடங்கினவை.